வாகன எண் கட்டாயம்

பாசாருக்கு மீன் வாங்கப் போன சிவநேசன் அங்கிருந்து மனைவி அமுதவள்ளிக்குப் போன் செய்தார்.

"வள்ளி, கெம்போங் முடிஞ்சிருச்சாம். செலார்தான் இருக்கு. வாங்கவா?"

"செலார் வேண்டாங்க. போன தடவ வாங்கிட்டு வந்து யாரு சாப்பிட்டா? இறால் இருக்கா பாருங்க."

"இருக்கு. கண்ணுக்குத் தெரியாத சைசுல இருக்கு. நீ உரிச்சு முடிக்கிறதுக்குள்ள தீபாவளி வந்துரும்."

"அப்ப ஒண்ணும் வேண்டாம். முட்டை இருக்கு. வெயில் ஏறதுக்குள்ள வாங்க."

"சரி."

அவர் அவளிடம் கடைசியாகப் பேசிய சொல் அதுதான். மோட்டோர் சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கூடையில் செலார் இருந்தது. 'சரி' என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டப்படி செய்வது கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வழக்கம். அன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

சிவநேசன் போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவரைக் கிராணி என்றால் யாருக்கும் தெரியாது. சனி, ஞாயிறுகளில் கிள்ளான் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்தவர் என்றால்தான் தெரியும். மணமக்களை வரவேற்பார், பந்திக்குக் கூப்பிடுவார், காணாமல் போன பிள்ளையைத் தாயிடம் சேர்ப்பார். என்றாலும் அவர் பேர் வாங்கியது வழியை மறித்து நிற்கும் காடிகளின் எண்ணை அறிவிப்பதில்தான்.

"அன்பான உறவினர்களே," என்று தொடங்குவார். "வெளிவாசலில் ஒரு நீல நிறக் கஞ்சில் காடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பெற்றவர் வந்து தட்டி எழுப்பி அழைத்துச் செல்லவும். பந்தியில் பாயசம் வந்துவிட்டது, எழ மனம் வராது, எனக்குத் தெரியும். பாயசம் காத்திருக்கும். பின்னால் நிற்கும் ஐஸ் லோரி காத்திருக்காது."

தாலி கட்டும்போதுகூடப் பக்கத்து நாற்காலியோடு நில விவகாரம் பேசிக்கொண்டிருப்பவர்கள், இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

இத்தனை வீட்டுக் கல்யாணத்துக்குக் குரல் கொடுத்தவர் தன் வீட்டில் குரலை விட்டுப் போகவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, ஷா ஆலமில் வேலை செய்யும் மகன் ஜீவன் அப்பாவின் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

"ம்மா, வாய்ஸ் மெசேஜ் ஒண்ணுகூட இல்லம்மா. எல்லாம் குட்மார்னிங் ரோஜாப்பூ. உங்களுக்கு அனுப்பினதுகூட ரோஜாப்பூதான்."

"பக்கத்து ரூம்ல உக்காந்துகிட்டு அனுப்புவாரு," என்றாள் அமுதவள்ளி.

முகத்துக்குப் படம் இருந்தது, மாலை போட்டு மாட்டியாகிவிட்டது. குரல் மட்டும் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் காப்பி கலக்கிக்கொண்டே, அவர் 'வள்ளி' என்று கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுத் திருச்செல்வத்தின் குரலில் வந்தது. பயந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

அந்தத் திருச்செல்வமே ஒரு வழியும் சொன்னார். "அக்கா, பிரிக்பீல்ட்ஸ்ல நம்மாளுங்க பழைய கல்யாண டேப் எல்லாம் வாங்கி கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்க. போட்டுப் பாக்க மெசினு யார்ட்ட இருக்கு? கிள்ளான்ல பாதிப்பேரு குடுத்துட்டாங்க. அண்ணன் பேசாத கல்யாணமா? போய்க் கேளுங்க."

மறுநாளே பிரிக்பீல்ட்ஸுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினாள்.

'கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் காணொளிப் பெட்டகம்' ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறினால் முதலில் ரசவாசனை, பிறகு பூஞ்சை பிடித்த டேப்பின் வாசனை, பிறகு தலைவர் டத்தோ தம்புசாமியின் ஆளுயரப் படம். படத்துக்குக் கீழே ஒரு கணினியின் முன்னால் அனுப்பிரியா உட்கார்ந்திருந்தாள். சென்னையிலிருந்து வேலை விசாவில் வந்த பெண். ஆவணங்களுக்கு விவரம் எழுதுவதையே படிப்பாகப் படித்தவள்.

அமுதவள்ளி விஷயத்தைச் சொன்னாள். "கல்யாணத்துல மைக்ல பேசறவர் பேரைப் போட்டுத் தேடிக் குடும்மா."

அனுப்பிரியாவின் முகம் வாடியது. "ஆன்டி, மாப்பிள்ளை பேருக்குக் கட்டம் இருக்கு. பொண்ணு, மண்டபம், கூறைப்புடவை கலர், சாம்பார்ல என்ன காய், எல்லாத்துக்கும் இருக்கு. பேசறவருக்கு இல்லை."

"சாம்பாருக்கு இருக்கா?"

"கமிட்டியில ஒருத்தர் கேட்டரிங் பண்றார்."

ஒவ்வொரு காணொளிக்கும் அது யாருடையது, எங்கே, எப்போது, எதைப் பற்றியது என்று எழுதி வைக்கும் விவரத்துக்கு மெட்டாடேட்டா என்று பெயர் என்றாள் அனுப்பிரியா. அது சரியாக இருந்தால்தான் தேடுகிறவருக்குப் பொருள் கிடைக்கும். அமுதவள்ளிக்குப் புரிந்தது. வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் ஊசி நூல் இருப்பது அவளுக்குத் தெரியும், ஆனால் விருந்தாளி திறந்தால் ஏமாந்துபோவார். இந்தப் பெட்டகத்தில் டின்னெல்லாம் பிஸ்கட் டின்.

பொருளும் குறிச்சொல்லும் எல்லாவற்றுக்கும் 'தமிழர், பண்பாடு, பாரம்பரியம்' என்றே இருக்க வேண்டும் என்பது டத்தோவின் உத்தரவு. தலைப்பு எல்லாவற்றுக்கும் 'திருமணம்'. ஆகவே எதைத் தேடினாலும் ஒன்று எல்லாமே வந்தது, இல்லாவிட்டால் எதுவுமே வரவில்லை. 'உருவாக்கியவர்' என்ற கட்டத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் டத்தோ தம்புசாமியின் பெயர் இருந்தது. கணினி வாங்கித் தந்தவர் அவர்தான். மணமக்களின் பெற்றோர் யாரும் இதுவரை ஆட்சேபிக்கவில்லை.

"ஒலி பத்தி ஒரு கட்டம் இருக்கு ஆன்டி," என்றாள் அனுப்பிரியா. "நாதஸ்வரம், பாட்டு, பேச்சு, பின்னணி இரைச்சல். நாலுல ஒண்ணு."

"அப்ப பேச்சுலதானே இருப்பாரு?"

"பேச்சுன்னு போட்டா உடனே 'பேசியவரின் பட்டம்'னு கேக்கும். டான் ஸ்ரீ, டத்தோ, டாக்டர். பட்டம் இல்லைன்னு சொல்ல வழியே இல்லை. அதனால எழுதினவங்க என்ன பண்ணாங்கன்னா…"

அவள் முடிக்காமல் 'பின்னணி இரைச்சல்' என்று தேடினாள். திரை நிறைந்தது. ஒன்றைத் தொட்டாள்.

"அன்பான உறவினர்களே…"

அமுதவள்ளி பக்கத்தில் இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டாள். அனுப்பிரியா நிறுத்தப் போனாள். "இருக்கட்டும்மா, இருக்கட்டும்," என்றாள் அமுதவள்ளி. காணாமல் போன ஒரு சிவப்புக் கவுன் பிள்ளையைப் பற்றிய அறிவிப்பு அது. பிள்ளை கிடைத்தது வரைக்கும் கேட்டாள்.

பிறகு அனுப்பிரியா, சொல்லாமல் விட முடியாததைச் சொன்னாள். வருகிற மாதம் பெட்டகத்தின் திறப்பு விழா. அதற்கு முன்னால் எல்லாக் கல்யாணத்தையும் ஒரு மென்பொருளில் போட்டுச் சுத்தம் செய்யப் போகிறார்கள். இரைச்சல் என்று குறித்ததை எல்லாம் அது துடைத்துவிடும், நாதஸ்வரம் மட்டும் பளிச்சென்று கேட்கும். கணினியில் இடமில்லாததால் துடைத்த பிரதியை மட்டும்தான் வைத்துக்கொள்வார்கள். டேப்புகளைப் பூஞ்சை பிடித்ததென்று ஏற்கெனவே லோரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது.

"இது தப்புன்னு நான் சொன்னேன் ஆன்டி. 'நீ புதுசு, இங்க உள்ள சிஸ்டம் தெரியாது'ன்னுட்டாங்க."

சனிக்கிழமை கமிட்டி கூடியது. டத்தோ தம்புசாமி நல்ல மனிதர். அதில் சந்தேகமே இல்லை, அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

"வாங்கம்மா, உக்காருங்க. சாப்டீங்களா? கீழ இன்னைக்கி நண்டு."

"சாப்டேன் டத்தோ. என் வீட்டுக்காரர் குரல அழிக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"சேச்சே! யாரும்மா சொன்னது? குரல அழிப்போமா? இரைச்சலத்தான் எடுக்கிறோம்."

"அவர்தான் டத்தோ இரைச்சல்."

கமிட்டி கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தது. மைக்கில் பேசியவருக்கு என்று ஒரு கட்டம் போட்டுத் தரும்படி அமுதவள்ளி கேட்டாள். வேறொன்றும் வேண்டாம், ஒரு கட்டம்.

செயலாளர் விமலன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "புதுக் கட்டம்னா பொதுக்குழு கூடணும்மா. சட்டவிதி."

"பொதுக்குழு எப்பக் கூடும்?"

"உறுப்பினர் லிஸ்ட் கிடைச்சதும். அதத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

"இங்கதான் எங்கயோ வச்சேன்," என்றார் பொருளாளர்.

கேட்டரிங் செய்பவருக்கு மனம் இளகியது. "ஒண்ணு செய்யலாம் லா. பேச்சுன்னு போட்டுட்டு, பட்டத்துல அண்ணனுக்கும் டத்தோன்னு போட்டுருங்க. யாரு வந்து கேக்கப் போறா? மனுசனே போய்ட்டாரு."

டத்தோவின் முகம் சிவந்தது. "என்னாய்யா பேசற? பட்டம் என்ன பாசார்ல கூறு கட்டி வச்சிருக்கா, ஆளுக்கொண்ணு எடுத்துட்டுப் போக?"

சிலர் தண்ணீர் குடித்தார்கள். கட்டத்துக்கு 'அறிவிப்பாளர்' என்று பேர் வைப்பதா 'நெறியாளர்' என்று வைப்பதா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்துவிட்டு, எல்லாரும் நண்டுக்கு இறங்கிப் போனார்கள். கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதையாக, துடைக்கும் வேலையை நிறுத்தும்படி ஒருவரும் சொல்லவில்லை.

மாடியில் அனுப்பிரியாவும் அமுதவள்ளியும்தான் மிஞ்சினார்கள். அனுப்பிரியா கணினியில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆன்டி, போக்குவரத்துன்னு ஒரு தொகுப்பு இருக்கு. யாரோ ரயில் பைத்தியம் குடுத்த பழைய ரயில் வீடியோ. அதுல இரைச்சலை எடுத்தா ரயிலே போயிடும்னு, அதைத் தொடக்கூடாதுன்னு கமிட்டியே தீர்மானம் போட்டிருக்கு. அதுக்குள்ள 'அறிவிப்பு'ன்னு ஒரு வகை. ஸ்டேஷன் அறிவிப்புக்காக வச்சது. பட்டம் கேக்காது. புதுசா ஒரு கட்டம் போட பொதுக்குழு வேணும், ஒரு வீடியோவை வேற இடத்துக்கு மாத்த நான் போதும்."

"கல்யாணத்த எப்படிம்மா போக்குவரத்துல போடறது?"

"பொண்ணு ஒரு வீட்லேருந்து இன்னொரு வீட்டுக்குப் போகுதில்ல?"

சிவநேசன் போன பிறகு அமுதவள்ளி முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பு அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"ஆனா ஒண்ணு மட்டும் கட்டாயம் ஆன்டி. அது இல்லாம சேவ் ஆகாது."

"என்னா?"

"வாகன எண்."

அன்றிலிருந்து அமுதவள்ளி தினமும் கொமுட்டரில் வந்து காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாணம் கல்யாணமாகப் பார்த்து, சிவநேசன் எந்தக் காடியைக் கூப்பிடுகிறார் என்று கேட்டு, எண்ணைத் தட்டுவாள். அனுப்பிரியா அதைப் போக்குவரத்துக்கு மாற்றுவாள். கீழே சாப்பாட்டுக் கடையிலிருந்து சூடாகத் தே வரும்.

அவளுக்குத் தெரியாத சிவநேசன்களும் அதற்குள் இருந்தார்கள். செய்யுள் ஒப்பிப்பதுபோல் விறைப்பாகப் பேசும் மீசை முளைத்த சிவநேசன், தொண்டைக்கட்டோடு பேசியும் விட்டுக்கொடுக்காத சிவநேசன். கடைசி வருடங்களில் வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்க நின்றார், அதையும் நகைச்சுவைக்கு விட்ட இடைவெளிபோல் ஆக்கிக்கொண்டார். வீட்டில் அது அவள் காதில் விழவேயில்லை. வீட்டில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

ஒரு கல்யாணத்தில் அவர் சொன்னார்: "என் வீட்டு அமுதவள்ளி அடிக்கடி சொல்வாள், ஒரு மனிதனின் குணம் அவன் காடியை நிறுத்திய இடத்தில் தெரியும் என்று." மண்டபம் சிரித்தது. அவள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. வேறொன்றில், பந்தியில் முந்துகிறவர்களைப் பற்றி அமுதவள்ளி சொன்னதாக ஒரு பழமொழி. இன்னொன்றில் மாமியார்களைப் பற்றி. கிள்ளான் முழுக்க வருடக்கணக்காக அவள் பேரில் பொன்மொழி ஓடியிருக்கிறது. மண்டபங்களில் முன்பின் தெரியாத பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, 'நல்லா சொன்னீங்க அக்கா' என்று போனதெல்லாம் ஏன் என்று இப்போதுதான் விளங்கியது.

எல்லாக் கல்யாணத்திலும் காடி மறிப்பதில்லை. சிவப்புக் கவுன் பிள்ளை காணாமல் போன கல்யாணத்தில் வாசல் சுத்தமாக இருந்தது. எண் இல்லாமல் கணினி நகர மறுத்தது. அமுதவள்ளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, BDG 3318 என்று தட்டினாள். ஏற்றுக்கொண்டது.

"யார் வண்டி ஆன்டி?"

"அந்தக் கல்யாணத்துக்கு வந்த வண்டிதாம்மா. அவரு மோட்டோர்."

பொய்யில்லை. யோசித்துப் பார்த்தால் அந்த மோட்டோர் போகாத கல்யாணமே இல்லை. ஆகவே மற்றக் கல்யாணங்களிலும் வழிமறித்த காடிக்குப் பக்கத்தில் அதையும் சேர்த்தாள். அந்த எண்ணைத் தேடினால் இப்போது சிவநேசன் முழுசாக வந்து நின்றார், வேறு யாரும் வரவில்லை. அனுப்பிரியா திரையைப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் ஆன்டி நாங்க ரெண்டு வருஷம் படிக்கிறோம்," என்றாள்.

துடைக்கும் மென்பொருள் வந்தது. மிச்சமிருந்த கல்யாணங்களைத் துடைத்தது. போக்குவரத்தை, தீர்மானத்தின்படி, தொடவில்லை.

திறப்பு விழா பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேடையில் பெரிய திரை. பிரமுகர்கள் முன்வரிசையில். அமுதவள்ளி கடைசி வரிசையில் ஜீவனோடு உட்கார்ந்திருந்தாள். டத்தோ தம்புசாமி மைக்கைப் பிடித்தார்.

"எத்தனையோ பேர் கல்யாணத்த பாத்துட்டீங்க. இப்ப என் கல்யாணத்தையும் பாருங்க. தொண்ணூத்தி நாலு. விமலன், போடுங்க."

விமலன் திருமணங்களில் தேடினார். இல்லை. மறுபடி தேடினார். அந்த மண்டபத்தில் நல்ல குளிர்சாதனம், ஆனாலும் விமலனுக்கு வேர்த்தது. அனுப்பிரியா மேடைக்கு ஓடி வந்து மாப்பிள்ளைப் பெயரைப் போட்டுத் தேடினாள். பெரிய திரையில் எல்லாரும் பார்க்க வந்தது: போக்குவரத்து, அறிவிப்பு, டத்தோ தம்புசாமியின் பெயர், இரண்டு வாகன எண்கள்.

"என் கல்யாணம் எப்படிய்யா போக்குவரத்துல போச்சு?"

கடைசி வரிசையில் அமுதவள்ளி நாற்காலியில் தாழ்ந்து உட்கார்ந்தாள். எண்ணைத் தட்டியது அவள்தான். மீசை வைத்த ஒல்லி மாப்பிள்ளை, பெயர் தம்புசாமி. கிள்ளானில் தம்புசாமிக்கா பஞ்சம் என்று விட்டுவிட்டாள். இனி டத்தோ எல்லாவற்றையும் திருமணத்துக்கே திருப்பச் சொல்வார். திருப்பினால் துடைப்பார்கள்.

பதறிய விமலனின் விரல் பட்டுக் காணொளி ஓடத் தொடங்கியது. மணவறையில் தம்புசாமி. நாதஸ்வரத்துக்கு நடுவே குரல்.

"அன்பான உறவினர்களே. வாசலை மறித்துக்கொண்டு ஒரு வெள்ளை நிற வீரா காடி நிற்கிறது. BEA 609. அதன் சொந்தக்காரர் தயவுசெய்து வரவும்."

நடுவரிசையில் ஒருவர் தன்னையறியாமல் எழுந்து, பாக்கெட்டைத் தடவிச் சாவி எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். மண்டபம் வெடித்துச் சிரித்தது.

"BEA 609. மூடின கண்ணாடி, மூடின மனசு. பூக்காரர் பூவோடு வெளியே நிற்கிறார். மாலை வராமல் கல்யாணம் நடக்காது."

"மூன்றாவது முறையாக அழைக்கிறேன். சொந்தக்காரர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, இல்லை, அவருக்கே கல்யாணமா?"

மேடையில் டத்தோ தம்புசாமி மைக்கைத் தாழ்த்தினார். பட்டமெல்லாம் கழன்று விழுந்த ஒரு குரலில் சொன்னார்:

"அது என் காடிதாங்க. சாவி என் வேட்டி மடிப்புல இருந்துச்சு. மணவறைய விட்டு எப்படி எழுந்திரிக்கிறது? ஐயரு என் கைய விடல. மாமனார் வேற மொறைச்சிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கம்முனு உக்காந்துட்டேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. டத்தோ எத்தனையோ மேடை ஏறியிருக்கிறார், இப்படி ஒரு கைதட்டல் அவருக்குக் கிடைத்ததில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது. முதுகு நிமிர்ந்தது, பட்டம் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது.

"இதுல ஒரு சொல்லத் தொடக்கூடாது!" என்று முழங்கினார். "என் காடிய மூணு தடவ கூப்பிட்ட குரல். இது சரித்திரம். அந்தத் தொகுப்புல யாரும் கை வைக்கக்கூடாது. எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும்."

ஜீவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அமுதவள்ளி கைப்பையிலிருந்து கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். அது கையில்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கமிட்டி கூடி, பொதுக்குழு எதற்கும் காத்திராமல், புதிதாக ஒரு கட்டம் சேர்த்தது: 'பிரமுகரின் வாகனம்'. அறிவிப்பாளரா நெறியாளரா என்று ஆராய்ந்த துணைக்குழு இன்னும் அறிக்கை தரவில்லை. உறுப்பினர் லிஸ்ட் கிடைக்கவில்லை.

அமுதவள்ளி இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜீவன் வாங்கித் தந்த தட்டைக் கணினியில் BDG 3318 என்று தட்டுவாள். அந்த எண்ணுக்குரிய மோட்டோர் போர்ச்சில் நிற்கிறது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கூடை மறுபடி அதன் கொக்கியில்தான் மாட்டியிருக்கிறது. எந்தக் கல்யாணம் வேண்டுமானாலும் வரும். பெரும்பாலும் டத்தோவுடையதைத்தான் போடுகிறாள்.

நாதஸ்வரம் வாசிக்கிறது. ஐயர் மாப்பிள்ளையின் கையை விடவில்லை. சிவநேசன் மூன்று முறை அழைத்துவிட்டு, நிறுத்தி, யாராவது எழுகிறார்களா என்று காத்திருக்கிறார். ஒருவரும் எழவில்லை. வெள்ளை வீரா வாசலை மறித்துக்கொண்டுதான் நிற்கிறது.